கோடைப் பூங்காவில் எது கெட்டால் எங்கே பார்ப்பது: டெல்டா தோட்டக்காரர்களுக்கு அறிகுறி வாரியாக

சித்திரை பிறந்ததிலிருந்து அக்னி நட்சத்திரம் கழியும் வரை டெல்டாவின் பூங்காக்களுக்கு இரண்டு பக்கமும் இடி. வாய்க்காலில் தண்ணீர் இருக்காது. பள்ளி விடுமுறை என்பதால் கூட்டம் மட்டும் ஆண்டிலேயே அதிகமாக இருக்கும். செடி வாடினால் ஊரே பார்க்கும். அந்தப் பதற்றத்தில் தோட்டக்காரர் முதலில் எடுப்பது மருந்துத் தெளிப்பானை. எடுக்க வேண்டியது களைக்கொத்தியை. இங்கே கோடையில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி தண்ணீரிலும் மண்ணிலும் தொடங்குகிறது. பூச்சி பெரும்பாலும் பிறகு வந்து சேர்கிற விருந்தாளி.

கீழே உள்ளவை தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்துக் களிமண்ணையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் மனத்தில் வைத்து எழுதியவை. ஒவ்வோர் அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணம் முதலில், கையைக் கடிக்கும் காரணம் கடைசியில். வரிசையை மாற்றாதீர்கள்.

ஒரு பொது விதி: செடியைக் காலை ஆறு மணிக்குப் பாருங்கள், மாலை ஆறு மணிக்குப் பாருங்கள். உச்சி வெயிலில் பார்த்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

அறிகுறி 1: செடி வாடித் தொங்குகிறது

*மதியம் தொங்கி, மாலையில் நிமிர்ந்துவிட்டால்*

கோளாறு இல்லை. செம்பருத்தியும் கல்வாழையும் ஜீனியாவும் மே மாதத்தில் இப்படித்தான் நடந்துகொள்ளும். பார்வையாளர் யாராவது "தண்ணீரே விடுவதில்லையா?" என்று கேட்டார் என்பதற்காக மதியம் இரண்டு மணிக்குக் குழாயைத் திறக்க வேண்டாம். வெயிலில் கிடந்த ரப்பர் குழாயில் தேங்கியிருக்கும் தண்ணீர் கையைச் சுடும். அதை வேரில் ஊற்றுவது உதவி அல்ல. காலையிலும்கூட, மொட்டை வெயிலில் குழாய் கிடந்திருந்தால் முதலில் வரும் தண்ணீரை நடைபாதையில் விட்டுவிட்டுப் பிறகு பாத்திக்குத் திருப்புங்கள்.

*காலையிலும் தொங்குகிறது, மண் காய்ந்திருக்கிறது*

"நேற்றும் ஒரு மணி நேரம் விட்டேன், ஐயா" என்று தோட்டக்காரர் சொல்வார். பொய் சொல்லவில்லை. தண்ணீர் போன வழிதான் தப்பு. டெல்டாக் களிமண் கோடையில் வெடிக்கும். விரல் நுழையும் அளவுக்குப் பிளவு விழும். குழாயில் வரும் தண்ணீர் அந்த வெடிப்பு வழியாக நேராகக் கீழே இறங்கிவிடும். பாத்தி நனைந்தது போலத் தெரியும். வேர் இருக்கும் அரை அடி ஆழத்தில் தோண்டினால் மண் கட்டி கட்டியாக, உலர்ந்து வரும்.

செய்ய வேண்டியது: பாத்தியின் மேல் மண்ணைக் களைக்கொத்தியால் இரண்டு அங்குலம் கிளறி வெடிப்பை மூடுங்கள். மக்கிய தொழு உரமும் ஆற்று மணலும் கலந்து பிளவுகளில் போடுங்கள். பிறகு லேசாக ஒரு நனைப்பு. அரை மணி நேரம் கழித்து, மண் உப்பிப் பிளவுகள் சேர்ந்த பின், முழுப் பாசனம். மேலே காய்ந்த இலையோ வைக்கோலோ மூன்று அங்குலம் மூடாக்காகப் பரப்புங்கள், தண்டை ஒட்டாமல். வைக்கோல் அழகாக இல்லை என்று மேலதிகாரி சொன்னால் அதன் மீது தென்னை நார்க்கழிவை மெல்லிய படலமாகத் தூவுங்கள். யாரும் கேட்க மாட்டார்கள்.

*காலையிலும் தொங்குகிறது, மண் ஈரமாக இருக்கிறது*

இதுதான் அதிகச் செடிகளைக் கொல்வது. வாட்டம் கண்டதும் இன்னும் தண்ணீர், இன்னும் வாட்டம், இன்னும் தண்ணீர். அரை அடி ஆழத்து மண்ணை எடுத்து உருட்டுங்கள். உருண்டை பிடித்து, விரலில் பிசுபிசுவென ஒட்டினால் தண்ணீரை நிறுத்துங்கள். மண்ணை முகர்ந்து பாருங்கள். சாக்கடை வாடை அடித்தால் வேர் மூச்சு முட்டி அழுகத் தொடங்கிவிட்டது. ஒரு செடியைப் பிடுங்கி வேரின் தோலை நகத்தால் இழுங்கள். நல்ல வேர் வெளுப்பாக, உறுதியாக இருக்கும். அழுகிய வேரில் மேல் தோல் உறைபோல் கழன்று நடுவில் நூல் மட்டும் நிற்கும்.

பாதி வேர் நன்றாக இருந்தால் பாத்தியின் ஓரத்தில் ஓர் அடி ஆழத்துக்கு வடிகால் வெட்டி, ஈரம் குறையும் வரை காத்திருங்கள். செடியின் மேல் பாகத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள். குறைந்த வேருக்குக் குறைந்த இலை. முக்கால் வேர் போயிருந்தால் செடியை விடுங்கள். அதே குழியில் அதே செடியை மறுபடி நடாதீர்கள்.

*புதிதாக நட்ட செடிகள் மட்டும் வாடுகின்றன*

யாரோ பெரியவர் வருகிறார் என்று மே மாதத்தில் லாரியில் செடி இறங்கும். நடுவது ஒப்பந்தக்காரர் ஆட்கள். வேலை முடிந்தால் போதும் அவர்களுக்கு. வாடிய செடி ஒன்றைத் தோண்டிப் பாருங்கள். முதலில் தேட வேண்டியது கருப்புப் பாலித்தீன் பையை. கிழிக்காமல் அப்படியே குழியில் இறக்கிய செடிகளை டெல்டாவின் எந்தப் பூங்காவிலும் காணலாம்.

பை இல்லையென்றால் அடுத்த சந்தேகம் வேர்க்கட்டி. நர்சரிச் செடிகள் செம்மண்ணிலோ தென்னை நார்க்கழிவிலோ வளர்ந்து வருகின்றன. அந்தக் கட்டியைச் சுற்றி நம் களிமண். களி தண்ணீரைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்ளும். நடுவில் கட்டி எலும்பாய்க் காய்ந்து கிடக்கும். சுற்றிலும் சேறு, உள்ளே வறட்சி. தொட்டுப் பார்த்தவர் ஈரம் இருக்கிறது என்றுதான் சொல்வார். இப்படிப்பட்ட செடிக்குப் பாத்தியில் அல்ல, தண்டின் அடியிலேயே, கட்டியின் மேல், பூவாளியால் மெதுவாக ஊற்றுங்கள். புதுத் தளிர் வரும் வரை இதைத் தொடர வேண்டும். நிழல்வலைக்குள் வளர்ந்த செடி என்றால் மேலே வலையோ தென்னங்கீற்றோ தேவைப்படும்.

*வரிசையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சாகின்றன*

செடியைப் பிடித்து இழுங்கள். எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தால் கறையான். தண்டின் அடியில் மண் பூச்சு இருக்கும். பிடுங்கிய வேரில் உருண்டை உருண்டையாக முடிச்சுகள் இருந்தால் நூற்புழு. ஒன்றிரண்டு செடி என்றால் அப்புறப்படுத்தி, குழியில் வேப்பம் பிண்ணாக்கு போட்டு, நூற்புழு கண்ட பாத்தியில் அடுத்த பருவம் துலுக்கச் சாமந்தி போடுங்கள்.

எப்போது ஆளை அழைப்பது: கறையான் பெரிய மரத்தடிக்கோ மர மண்டபத்துக்கோ போய்விட்டால் உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டுக்காரரை அழையுங்கள். குழந்தைகள் புரளும் புல்வெளியில் கறையான் மருந்தை நீங்களே ஊற்ற வேண்டாம்.

அறிகுறி 2: இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்று முதலில் பாருங்கள். அதில்தான் பாதி விடை.

*அடி இலை மட்டும் மஞ்சள்:* பசி. மக்கிய தொழு உரமும் கடலைப் பிண்ணாக்குக் கரைசலும் போதும். மே மாதத்தில் யூரியாவைக் கையால் வீசாதீர்கள். காய்ந்த மண்ணில் அது வேரைச் சுடும்.

*எல்லா இலையும் ஒன்றாக மஞ்சள்:* அறிகுறி 1-க்குத் திரும்பி, ஈர மண் பகுதியைப் படியுங்கள்.

*நுனி இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சை:* இட்லிப்பூவில் இது டெல்டாவின் நிரந்தர நோய். மல்லிகையிலும் வரும். இரும்புச் சத்தை வேர் எடுக்க முடியவில்லை என்று பொருள். மண்ணில் இரும்பு இல்லை என்று பொருள் அல்ல. காரணம் எங்கே என்று பார்க்க, செடி எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். சுற்றுச்சுவரை ஒட்டிய வரிசை மட்டும் வெளுத்திருந்தால் சுவர் பூசியபோது சிந்திய சிமெண்டும் சுண்ணாம்பும் மண்ணில் இருக்கின்றன. ஒரு பிடி மண்ணில் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள்; நுரைத்தால் சுண்ணாம்பு உறுதி. அரை அடிக்கு அந்த மண்ணை அள்ளி வெளியே போட்டு, வேறு மண் இடுவதுதான் நிரந்தரத் தீர்வு.

அதுவரை கை மருந்து அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட். லிட்டருக்கு 5 கிராம், அதில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, மாலையில் இலையில் தெளிப்பு, மாதம் ஒரு முறை, புதுத்தளிர் பச்சையாக வரும் வரை. கடையில் வாங்கும்போது பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள்: அன்னபேதி வெளிர் பச்சையாக இருக்க வேண்டும். துருப்பிடித்த பழுப்பாக இருந்தால் அது கெட்டுப்போனது, காசுக்குப் பிடித்த கேடு. தெளிக்கும்போது நடைபாதை ஓடுகளைச் சாக்கால் மூடுங்கள். அந்தக் கறை போகாது. செடி பிழைத்த பிறகும் உங்களைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

பூங்கா முழுக்க எல்லா இட்லிப்பூவும் வெளுத்திருந்தால் குற்றவாளி பாசன நீர். அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி 3: இலை ஓரம் கருகுகிறது

*மேற்குப் பக்க இலைகள் மட்டும்:* வெயில். நிழல் தந்த மரம் போயிருக்கும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது சாய்ந்த மரங்கள் கணக்கில் அடங்காதவை. மரம் போன இடத்தில் நிழல் செடிகளை மட்டும் பழைய வரைபடப்படியே திரும்பவும் நட்டுவைத்த பூங்காக்கள் உண்டு. செடியை மாற்றுங்கள், மருந்து இல்லை.

*எல்லாப் பக்கமும், நுனியிலிருந்து உள்நோக்கிப் பழுப்பு:* உப்பு. தொட்டியின் வெளிச்சுவரிலும் பாத்தியின் மேல் மண்ணிலும் வெள்ளைப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். கடலுக்கு அருகே உள்ள பூங்காக்களில் மே மாதத்தில், வாய்க்கால் வறண்டு, நாள் முழுக்க மோட்டார் ஓடும்போது, கிணற்று நீர் வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும்.

செலவில்லாத முதல் வேலை: இலையின் மேல் தண்ணீர் அடிப்பதை நிறுத்துங்கள். உப்பு நீர் இலையில் காய்ந்தால் இலை வேகும். அடியில் மட்டும் விடுங்கள். இரண்டாவது: தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதை விட்டுவிட்டு, இடைவெளி விட்டு ஆழமாகப் பாய்ச்சுங்கள். தினசரித் தெளிப்பு உப்பை வேர்ப் பகுதியிலேயே சேர்த்து வைக்கிறது. ஆழப் பாசனம் அதைக் கீழே தள்ளுகிறது. வடிகால் இல்லாத பாத்தியில் இது பலிக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

மூன்றாவது, தண்ணீரைச் சோதிப்பது. தஞ்சாவூர் காட்டுத்தோட்டத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண் மற்றும் நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நாகப்பட்டினத்தை அடுத்த சிக்கல் என்ற ஊரிலும் நீடாமங்கலத்திலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. ஒரு லிட்டர் சுத்தமான புட்டியில், மோட்டார் பத்து நிமிடம் ஓடிய பிறகு பிடித்த நீரைக் கொண்டு போய்க் கேளுங்கள். நீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்தும் திறன் (dS/m அலகில்) ஒன்றுக்குக் கீழே என்றால் பெரிய கவலை இல்லை. மூன்றைத் தாண்டினால் ரோஜாவை மறந்துவிட்டு அரளி, காகிதப்பூ, நித்திய கல்யாணி, பத்துமணிப்பூ, பூவரசு என்று பட்டியலை மாற்றுங்கள்.

ஜிப்சம் போடலாமா என்று கேட்பீர்கள். சோதனை அறிக்கையில் சோடியம் அதிகம் என்று இருந்தால் மட்டும், அவர்கள் சொல்லும் அளவில். பக்கத்துப் பூங்காவில் போட்டார்கள் என்பது காரணம் ஆகாது. புதிய ஆழ்துளைக் கிணறு என்ற பேச்சையும் நிலத்தடி நீர் வல்லுநர் வந்து பார்த்த பிறகே தொடங்க வேண்டும். கடலோரத்தில் ஆழம் போனால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

அறிகுறி 4: மொட்டு விடுகிறது, மலரும் முன் உதிர்கிறது

*செம்பருத்தி*

முதலில் பாசன நேரம். நான்கு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் வெள்ளமாக விட்டால் செம்பருத்தி மொட்டைக் கழற்றிவிடும். ஒழுங்கு செய்து ஒரு வாரம் பாருங்கள்.

அதற்கும் நிற்கவில்லையென்றால் மொட்டுக் காம்பில் வெள்ளைப் பஞ்சு தெரிகிறதா? மாவுப்பூச்சி. தண்டில் எறும்பு ஊர்ந்தால் இன்னும் உறுதி. சுருண்ட கொழுந்துகளை வெட்டிப் பையில் கட்டி வெளியேற்றுங்கள். தரையில் போட்டால் ஏறி வந்துவிடும். குழாய் நீரை வேகமாகப் பீய்ச்சி மிச்சத்தைக் கழுவுங்கள். பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் காதி சோப்புக் கரைசலில் கலந்து, மாலையில், கதவடைத்த பிறகு தெளியுங்கள்.

தெளிக்கும் முன் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். மாவுப்பூச்சிக் கூட்டத்தின் நடுவே அதே வெள்ளைப் பஞ்சோடு, ஆனால் பெரிதாக, குறுகுறுவென ஓடும் ஒன்று இருக்கலாம். தொட்டால் நகரும், மாவுப்பூச்சி இப்படி ஓடாது. அது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்பதற்கே பிறந்தது. "பெரிய மாவுப்பூச்சி" என்று நசுக்கிக் கொல்லப்படுவதும் அதுதான். அது இருக்கும் செடியில் எதையும் தெளிக்காமல் விட்டுவிடுங்கள்.

*மல்லிகை*

கோடை மல்லிகையின் காலம். இப்போது மொட்டு கெட்டால் ஆண்டே போச்சு. மொட்டில் துளையும் மெல்லிய நூலாம்படையும் இருந்தால் மொட்டுப்புழு. துளை இல்லாமல், மொட்டு ஊதாநிறமாகி உப்பிச் சுருங்கினால் மொட்டு ஈ. இரண்டுக்கும் முதல் சிகிச்சை ஒன்றே: கெட்ட மொட்டையும் உதிர்ந்ததையும் தினமும் பொறுக்கி அழித்தல், செடியடி மண்ணைக் கிளறிவிடுதல். அடுத்தது வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதவீதம், அதாவது 100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பு.

இலை சாம்பல் பூத்து, அடியில் நுண்ணிய வலை இருந்தால் செம்பேன். வெள்ளைத் தாளை அடியில் பிடித்துக் கிளையைத் தட்டினால் புள்ளிகள் ஊர்வது தெரியும். தண்ணீரை இலையின் அடிப்பக்கம் பீய்ச்சுவதே நல்ல வைத்தியம். புழுதி படியும் சாலையோர வரிசைகளில்தான் இது அதிகம். நனையும் கந்தகம் நல்ல மருந்துதான், ஆனால் சித்திரை வெயிலில் இலையைப் பொசுக்கிவிடும். மழை பெய்து குளிர்ந்த பிறகு யோசிக்கலாம்.

அறிகுறி 5: செடி செழிப்பு, பூ இல்லை

*காகிதப்பூ:* நன்றாகப் பார்த்துக்கொண்டதுதான் காரணம். புல்வெளிக்கு விடும் தண்ணீர் அதன் வேருக்கும் போகிறது, கூடவே உரமும். தண்ணீரை நிறுத்தி, இலை தொங்கும் வரை விடுங்கள். பிறகு ஒரு முறை நனைத்து மறுபடி காயப்போடுங்கள். முகம் சுளிக்கும் தோட்டக்காரரிடம் இது தண்டனை அல்ல, சிகிச்சை என்று சொல்லிவிடுங்கள். அதற்கும் பூக்காவிட்டால் மேலே பாருங்கள்: பக்கத்துப் புங்கை வளர்ந்து வெயிலை மறைத்திருக்கும்.

*சரக்கொன்றை:* மாசி, பங்குனியில் மின்கம்பிக்காகக் கிளை வெட்டினார்களா என்று விசாரியுங்கள். வெட்டியிருந்தால் அடுத்த ஆண்டுதான். இளமரமாக இருந்தால் பொறுமை மட்டுமே மருந்து. உயரக் கிளையில் காய்ந்த கொம்பு இருந்தால் ஏணி போட்டு ஏற வேண்டாம். மரம் அறுக்கும் ஆட்களை, பூங்கா மூடியிருக்கும் நேரத்தில், மின்வாரியத்துக்குத் தகவல் சொல்லி அழையுங்கள்.

*ரோஜா:* டெல்டாவில் மே மாத ரோஜா சிறுக்கும், வெளுக்கும், ஒரே நாளில் உதிரும். சரிசெய்ய ஒன்றும் இல்லை. மொட்டைக் கிள்ளிவிட்டு ஓய்வு கொடுங்கள். அந்த இடத்தைக் கோழிக்கொண்டையாலும் ஜீனியாவாலும் நிரப்புங்கள்.

அறிகுறி 6: இலையை எதுவோ தின்கிறது

வண்ணத்துப்பூச்சிப் பகுதியாக இருந்தால், தின்னட்டும். எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் பறவை எச்சம் போல் ஒட்டியிருப்பது நாளைய வண்ணத்துப்பூச்சியின் புழு. ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு ஒரு நடை போய்வந்தால் தின்னப்பட்ட இலையை எப்படிப் பெருமையோடு காட்சிக்கு வைப்பது என்று தெரியும். பெயர்ப்பலகை ஒன்று வையுங்கள்; புகார்கள் குறையும்.

மற்ற இடங்களில் இலைகள் ஒரே மட்டமாக வெட்டப்பட்டிருந்தால் ஆடு. வேலியில் ஓட்டை தேடுங்கள். பாத்தி ஓரம் மட்டும் நசுங்கியிருந்தால் செல்பி எடுப்பவர்கள். கயிறு கட்டிப் பயனில்லை. நல்ல பின்னணியுள்ள ஓர் இடத்தில் கல் பதித்துக் கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி 7: கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் எட்டவில்லை

சொட்டுநீர்க் குழாய் என்றால் வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள். பாதிப் புகார் இங்கேயே முடியும். அடுத்து, கிளைக் குழாய்களின் கடைசி மூடியைத் திறந்து, தண்ணீர் தெளிவாக வரும் வரை ஓடவிடுங்கள். சொட்டுவான்களில் வெள்ளைப் பொருக்கு என்றால் சுண்ணாம்பு, செங்கல் நிறக் குழைவு என்றால் இரும்பு. நாலைந்து அடைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். வரிசையே அடைத்திருந்தால் அமிலம் விட்டுக் கழுவ வேண்டும். அது குழாய் அமைத்தவரின் வேலை, உங்களுடையது அல்ல.

தண்ணீர் விட்டுவிட்டு, காற்றோடு துப்பித் துப்பி வந்தால் கிணற்றில் மட்டம் இறங்கிவிட்டது. மோட்டாரை உடனே நிறுத்துங்கள். வறண்டு ஓடினால் சுருள் எரியும். ஓய்வு கொடுத்து, காலை, இரவு என இரண்டு தவணையாக ஓட்டுங்கள். அதற்கும் துப்பினால் கிணற்று மெக்கானிக்கை அழைக்க வேண்டியதுதான்.

அறிகுறி 8: தாமரைக் குளம் கெடுகிறது

*நீர் பச்சைக் குழம்பாகிறது:* இலைப்பரப்பு குறைவு, வெயில் அதிகம். நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் தாமரையோ அல்லியோ மூடியிருந்தால் பாசி தானே அடங்கும். மக்கள் பொரி, பிஸ்கட் போடுவதை நிறுத்துங்கள். பாசிக்கொல்லி வேண்டாம், செத்த பாசி அழுகும்போது மீனும் சாகும்.

*இலை உண்டு, பூ இல்லை:* ஆழத்தைக் கோலால் அளந்து பாருங்கள். கிழங்கின் மேல் ஓர் அடியிலிருந்து இரண்டு அடி நீர் வேண்டும். அரை அடியாக வற்றியிருந்தால் அந்தச் சூட்டில் பூ வராது. நாள் முழுக்க வெயில் படுகிறதா என்பதையும் பாருங்கள்.

*விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன:* இதற்குக் காத்திருக்க நேரம் இல்லை. மோட்டாரைப் போட்டு, குழாயை உயரத்திலிருந்து குளத்தில் கொட்டவிடுங்கள். நீர் விழும் வேகத்தில் காற்று கலக்கும். மறுநாளும் அப்படியே இருந்தால் மீன்வளத் துறை ஆட்களை அழையுங்கள்.

*ஆற்று நீரால் நிரம்பும் குளமாக இருந்தால்:* மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தால், தண்ணீர் கல்லணை வந்து உங்கள் வாய்க்காலை எட்டச் சில நாள் ஆகும். முதலில் வரும் தண்ணீர் கோடை முழுக்க வாய்க்காலில் கிடந்த குப்பையையும் வெங்காயத்தாமரையையும் அடித்துக்கொண்டு வரும். மடையைத் திறக்காதீர்கள். நீர் தெளியத் தொடங்கியதும் மடை வாயில் கம்பி வலை கட்டி, பிறகு திறங்கள். தினமும் காலையில் வலையில் சேர்ந்ததை அள்ளுங்கள். ஒரு வெங்காயத்தாமரை உள்ளே நுழைந்துவிட்டாலும் ஆடிக்குள் தாமரை தெரியாமல் போய்விடும்.